சீகன்பால்கு ஐயர்

பொன்னைத் தீயிலிட்டால் மாசு நீங்கும், ஒளி மிகும். துன்பமும் சான்றோரின் பற்றை அவ்வாறே உறுதிப்படுத்தும். இதற்குச் சீகன்பால்கு ஐயரின் வாழ்வு தக்க சான்றாகும்.

இவர் 1682-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டிலுள்ள புல்சுனிட்சு என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார், நோயாலும் நலிந்தார். ஆயினும், இறைபணி செய்யும் வேட்கை குன்றவில்லை. டென்மார்க்கு அரசர் அனுப்ப, 1706-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள் தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியை அடைந்தார். அங்குச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார்.

அடுத்த திங்களிலேயே இடையூறு நேர்ந்தது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதனால், கோட்டைத் தலைவரின் சினத்துக்கு ஆளானார். நான்கு திங்கள் சிறையில் வாடினார். எழுதுகோலும் தாளும் முதலில் மறுக்கப்பட்டன. அந்நாளில் இறைவேண்டலே அவருக்குத் துணையாயிற்று. தாள் கிடைத்ததும் சிறையிலிருந்தே நூல் எழுதினார். 1709-இல் விடுதலை பெற்றபின், நின்ற பணியைத் தொடர்ந்து 1711-இல் முடித்தார்.

நூல் முடிந்தது, அச்சிடுவது எவ்வாறு? இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் கரையருகே கைப்பற்றினர். கப்பல் மீட்கப்பட்டது; ஆனால் பொறியை இயக்க வந்தவர் வழியிலேயே இறந்தார். பொறி கரை சேர்ந்தபோது அதனை இயக்குவார் இல்லை. அவ்வேளையில், தரங்கம்பாடிப் படைவீரருள் ஒருவர் அச்சுத்தொழில் அறிந்தவர் எனத் தெரியவந்தது! 1713-இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் போதவில்லை. பாலாடைக்கட்டிகளை மூடிவந்த ஈயத் தகடுகளை உருக்கி, சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர் என்பர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சான புதிய ஏற்பாடு இதுவே.

பின்னர்ப் பழைய ஏற்பாட்டை ரூத்து ஆகமம் வரை பெயர்த்த நிலையில், 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், தம் 36-ஆம் அகவையில் சீகன்பால்கு இயற்கை எய்தினார். அவ்வாண்டிலேயே தரங்கம்பாடிக்கு வந்த சூல்ட்சு என்பவர் எஞ்சிய பகுதியை நிறைவு செய்தார்.

தடை வந்தபோதெல்லாம் சீகன்பால்கு மனம் சோர்ந்து பணியைக் கைவிட்டாரில்லை. தம்மால் இயன்றதைச் செய்தார். இயலாததை இறைவனிடம் ஒப்படைத்துக் காத்திருந்தார். உரிய காலத்தில் உதவி வந்தது. காத்திருத்தலும் ஒரு தொண்டே என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.