கானகம் புகுந்த பாதிரியார்

இங்கிலாந்தின் டோவர் நகரில் பிறந்தவர். பேராயர் ஒருவரின் மகன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம், இறையியல் ஆகிய இரண்டிலும் முதல் வகுப்பில் தேறியவர். இத்தகைய ஒருவர் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்தால் எங்கே வாழ்ந்திருப்பார்? ஒன்று, ஒரு பெருங்கல்லூரியின் முதல்வர் மாளிகையில். அன்றேல் ஒரு தேவாலயத்தின் நிழலில். ஆனால் வெரியர் எல்வின் வாழ்ந்தது மத்திய இந்தியாவின் மைக்கல் மலைகளில், மண்சுவரும் புல்கூரையும் கொண்ட குடிசையில். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு அண்டை வீட்டார் கோண்டுகளும் பைகாக்களுமே.

எல்வின் பிறந்தது 1902 ஆகஸ்டு 29இல். தந்தையார் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் பேராயராக இருந்து, மகனுக்கு ஏழு வயதாகும்போதே மறைந்தார். ஆழ்ந்த சமயப் பற்றுள்ள தாயாரிடம் வளர்ந்த மகன் குருப்பட்டம் பெற்றதில் வியப்பில்லை. 1927ஆம் ஆண்டின் இறுதியில் புனேயில் இருந்த கிறிஸ்த சேவா சங்கத்தில் சேர்வதற்காக அவர் கப்பல் ஏறினார். தன் இனத்தார் இந்நாட்டுக்குச் செய்த தீமைக்கு ஒரு கழுவாயாகவே அவர் இப்பயணத்தைக் கருதினார். வந்த சில வாரங்களிலேயே சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டார். அதன் பிறகு கதராடை, வெறுங்கால், காங்கிரசு ஆதரவு என்று ஆயிற்று. 1932 சனவரியில் பம்பாய் மணி பவனத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்ட இரவில் எல்வினும் அதே வீட்டில் இருந்தார். அரசாங்கம் அவரை ஐயத்தோடு கவனித்ததில் வியப்புண்டோ! உடல்நலம் கெட்டு இங்கிலாந்து சென்றவருக்கு, அரசியலில் ஈடுபடுவதில்லை என்று எழுதிக் கொடுத்த பின்னரே மீண்டும் இந்தியா வர அனுமதி கிடைத்தது.

அவரைக் காட்டுக்கு அனுப்பியவர்கள் மானிடவியல் அறிஞர்கள் அல்லர், காங்கிரசுத் தலைவர்களே. தீண்டாதாருக்குத் தொண்டு செய்ய முனைந்த எல்வினிடம், கோண்டுகளை நினைப்பார் யாருமில்லை என்று எடுத்துச் சொன்னவர் ஜம்னாலால் பஜாஜ். உற்ற நண்பர் ஷாம்ராவ் ஹிவாலேயுடன் 1932இல் மாண்ட்லா மாவட்டத்துக் கரஞ்சியா என்னும் சிற்றூரை எல்வின் அடைந்தார். இன்று அது மத்தியப் பிரதேசத்தின் டிண்டோரி மாவட்டத்தில் உள்ளது. நண்பர் இருவரும் பள்ளி வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், தொழுநோயாளர்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார்கள். சமயம் மாற்றுவதில்லை என்பதில் எல்வின் உறுதியாக இருந்தார். இதனால் நாகபுரிப் பேராயருடன் பிணக்கு மூண்டது. அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி தரவும் எல்வின் மறுத்தார். 1935இல் அவர் திருச்சபையை விட்டே விலகினார்.

சபையை விட்டவர் ஆசிரம முறைகளையும் ஒவ்வொன்றாக விட நேர்ந்தது. இதைத்தான் அவர் வாழ்வில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். கைராட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்குச் சென்றவருக்கு அங்கே பருத்தியே விளைவதில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. மதுவை ஒழிக்கலாம் என்றால், இலுப்பைப்பூச் சாராயம் இல்லாமல் அம்மக்களிடையே பிறப்பும் இல்லை, திருமணமும் இல்லை, இறப்புச் சடங்கும் இல்லை. ஊனை விடச் சொல்லலாம் என்றால், காடு தருவதை உண்ணாதவன் அங்கே பட்டினி கிடக்க வேண்டியதுதான். கற்பிக்க வந்தவர் கற்கத் தொடங்கினார். மானிடவியலில் அவர் எந்தப் பட்டப்படிப்பும் படித்ததில்லை. குடிசை வாசலில் அமர்ந்து கேட்ட கதைகளும் பாடல்களுமே அவருக்குப் பாடநூல்கள்.

1939இல் வெளிவந்த பைகா என்னும் பெருநூல் அவர் பெயரை நிலைநாட்டியது. உலகில் முதலில் தோன்றிய மனிதர்களான நங்கா பைகாவும் நங்கா பைகினும் தங்கள் மூதாதையர் என்பது பைகாக்களின் நம்பிக்கை. பூமித்தாயின் மார்பைக் கலப்பையால் கீறலாகாது என்பது அவர்களுக்குக் கடவுள் இட்ட கட்டளை. ஆகவே அவர்கள் உழுவதில்லை. கோடரியால் மரங்களை வெட்டிக் காயவைத்து, கோடையில் எரித்து, முதல் மழைக்கு முன் அந்தச் சாம்பலில் வரகு, சாமை, அவரை, துவரை என்று பலவற்றையும் கலந்து விதைப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வார்கள். விட்டுச் சென்ற இடத்தில் காடு மீண்டும் வளரும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் பேவர். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனங்களை இலக்கியத்தில் படித்துச் சுவைக்கும் நமக்கும், கொத்துக்காடு என்று நம் மலைகளில் வழங்கும் நிலத்தைக் கண்டவர்களுக்கும் இது முற்றிலும் புதிய செய்தியன்று.

ஆங்கில அரசின் காட்டிலாகாவோ இம்முறையை மரக்கொள்ளையாகவே கண்டது. இடத்துக்கு இடம் பேவரைத் தடுத்தது. 1890இல் ஏறக்குறைய 36 சதுர மைல் பரப்புக்குப் பைகா சாக் என்று பெயரிட்டு, அதற்குள் மட்டும் அதை நடத்திக்கொள்ள விட்டது. மற்ற இடங்களில் இருந்த பைகாக்கள் கையில் கலப்பையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வேட்டைக்கும் தடை வந்தது. வீட்டில் சாராயம் காய்ச்சுவது குற்றமாயிற்று. இதனால் உணவு குறைந்தது என்பது ஒரு பக்கம். புலியின் வாயைக் கட்டும் ஆற்றல் உடையவர்கள் என்று கோண்டுகளே அஞ்சி மதித்த பூசாரிகள் பைகாக்கள். தாயின் மார்பைக் கீறிய பின் தங்கள் மந்திரம் பலிக்கவில்லை என்று அவர்கள் மனம் ஒடிந்தார்கள். எல்வின் கண்டுரைத்த பேருண்மை இதுவே என்பேன். நாம் ஒரு வேளாண்மை முறையை மாற்றுவதாக எண்ணுகிறோம். அம்மக்களுக்கோ அது கடவுளோடும் காட்டோடும் கொண்ட உறவு முழுவதும் அறுபடுவதாகும்.

அகாரியா என்னும் இரும்புருக்கும் குலத்தாரிடமும் அவர் இதையே கண்டார். களிமண் உலையும் காலால் மிதிக்கும் துருத்தியும் மரக்கரியும் கொண்டு இரும்பு எடுத்தவர்கள் அவர்கள். இரும்புக்கு லோகாசுரன், கரிக்குக் கோயலாசுரன், நெருப்புக்கு அக்யாசுரன் என்று தொழிலின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தெய்வம் அவர்களுக்கு உண்டு. உலைகளுக்கு வரி விதிக்கப்பட்டது. கரிக்கு மரம் கிடைப்பது அரிதாயிற்று. ஆலை இரும்பு சந்தையில் மலிந்தது. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1942இல் வெளிவந்த நூலில் எல்வின் இதனைப் பதிந்து வைத்திராவிட்டால் அந்தத் தெய்வங்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திராது.

பின்னர் அவர் பஸ்தாருக்குச் சென்றார். அங்குள்ள முரியாக்கள் பேசுவது கோண்டி; அது நம் தமிழோடு ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. முரியா ஊர்களில் கோத்துல் என்ற பொதுமனை உண்டு. மணமாகாத இளைஞரும் கன்னியரும் மாலையில் அங்கே கூடுவர். பெரியோர் அதில் தலையிடுவதில்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பட்டப்பெயரும் ஒரு பொறுப்பும் உண்டு. விறகு கொண்டுவருதல், மனையைப் பெருக்குதல், ஊர்த் திருமணங்களில் வேலை செய்தல் எல்லாம் முறைப்படி நடக்கும், தவறினால் தண்டம். ஆடலும் பாடலும் கதையும் அங்கேதான் கற்கப்பட்டன. அங்கே காதலும் இருந்தது என்பதை எல்வின் மறைக்கவில்லை. அது ஒன்றையே பிடித்துக்கொண்டு பரபரப்பாகப் பேசியவர்கள், எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலின் மற்றப் பகுதிகளைப் படித்ததாகத் தெரியவில்லை. கோத்துலில் வளர்ந்தவர்களிடையே மணமுறிவு மிக அரிது என்று அவர் கணக்கெடுத்தே காட்டியிருக்கிறார்.

அதே பஸ்தாரின் மரியா மக்களிடையே நிகழ்ந்த நூறு கொலை வழக்குகளையும் பல தற்கொலைகளையும் ஆராய்ந்து 1943இல் ஒரு நூல் எழுதினார். ஒரிசாவின் சவரர் இல்லங்களில் முன்னோரின் ஆவிகளுக்காகச் சுவரில் தீட்டப்படும் ஓவியங்களையும், மறுவுலகில் கணவரை உடைய பெண் பூசாரிகளையும் பற்றி 1955இல் எழுதினார். இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல இடமில்லை.

அவரை எதிர்த்தோரும் இருந்தனர். பைகாக்களுக்கென ஒரு தேசியப் பூங்கா போன்ற காப்பிடம் வேண்டும், வெளியார் அதில் நுழையலாகாது என்று 1939இல் அவர் எழுதியது பெரும் புயலைக் கிளப்பியது. மனிதர்களை விலங்குக்காட்சிச் சாலையில் வைப்பதா என்று கேட்டனர். சமூகவியலறிஞர் கூர்யே 1943இல் எழுதிய நூலில், இம்மக்கள் பின்தங்கிய இந்துக்களே. அவர்களைத் தனிமைப்படுத்துவது நாட்டின் ஒருமைக்குக் கேடு என்று வாதிட்டார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தனித்து விட்டால் பள்ளியும் மருத்துவமும் எட்டாமற் போகும். கலக்க விட்டால் வட்டிக்கடைக்காரனும் சாராயக் குத்தகைதாரனும்தான் முதலில் வந்து சேருவார்கள். எல்வினே பின்னாளில் தம் பூங்காக் கருத்தைக் கைவிட்டார்.

இந்தச் சிக்கலுக்கு விடை காணும் வாய்ப்பு அவருக்கு விடுதலைக்குப் பின் கிட்டியது. 1954இல் இந்தியக் குடியுரிமை பெற்ற எல்வின், அதே ஆண்டு வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியின் நிருவாகத்துக்குப் பழங்குடியினர் நலன் பற்றிய ஆலோசகரானார். நேபா என்று அன்று அழைக்கப்பட்ட அப்பகுதியே இன்றைய அருணாசலப் பிரதேசம். ஷில்லாங்கில் குடியேறி, தவாங் வரை மலைப்பாதைகளில் நடந்தும் குதிரைமேலும் சுற்றினார். அதிகாரிகள் மக்களின் மொழியைக் கற்க வேண்டும். அவர்களோடு அமர்ந்து உண்ண வேண்டும். நிலமும் காடும் வெளியார் கைக்குப் போகலாகாது. கட்டடங்கள் அந்தந்த மலையின் பாணியிலேயே எழ வேண்டும். பழைய நெசவுக் கோலங்கள் தறியில் நிலைக்க வேண்டும். பழங்குடியினரை அருங்காட்சியகத்தில் அடைப்பதுமில்லை, வெள்ளத்தில் தள்ளுவதுமில்லை என்ற இந்த நடுவழியை 1957இல் நேபாவுக்கான ஒரு தத்துவம் என்ற நூலில் வகுத்தார். நேரு பெருமகனார் அதற்கு முன்னுரை வழங்கினார். 1962இல் சீனப் படை புகுந்தபோது, எல்லையை ஒதுக்கி வைத்ததற்கு எல்வினே காரணம் என்றும் சிலர் பழித்தனர். அங்கு நிலத்தை இழந்து கூலியானவர்கள் மத்திய இந்தியாவைப் போல் பெருகவில்லை என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருக்கலாம்.

1961இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1964 பிப்ரவரி 22இல் தில்லியில் மாரடைப்பால் மறைந்தார். ஷில்லாங்கில் பௌத்த முறைப்படி அவர் உடலுக்கு எரியூட்டப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய தன்வரலாறு 1965இல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது.

அந்நூலைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 1940இல் எல்வின் ஒரு கோண்டுப் பெண்ணை மணந்தார். 1949இல் அந்த மணம் முறிந்தது. பின்னர் பர்தான் குலப் பெண் ஒருவரை மணந்து, இறுதிவரை அவருடன் வாழ்ந்தார். பைகாப் பெண்ணின் பச்சைக்குத்துக் கோலங்களையும் முரியாப் பெண்ணின் சீப்பையும் பக்கம் பக்கமாக விவரித்தவர், ஒன்பது ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்த முதல் மனைவியைப் பற்றித் தம் வரலாற்றில் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. அப்பெண்மணியோ எல்வின் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் அதே மலைநாட்டில் வாழ்ந்திருந்தார்.