பாட்டால் வழிகாட்டிய மீனாட்சி அம்மையார்

சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், மலையகப் பெண்களுக்கு முன்னோடியாக விளங்கிய கோ. ந. மீனாட்சி அம்மையாரை நன்றியோடு நினைவுகூர விரும்புகிறோம்.

அவர் கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்தவர். அந்நாளில் வெளியார் தோட்டத்துக்குள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாயும். ஆகவே புடைவை வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குச் சென்றார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகைப் பணியிலும் தோட்டப் பயணங்களிலும் அம்மையார் அவருக்குத் துணைநின்றார்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் நடேசய்யர் உபதலைவராக இருந்தார். சிங்களவரும் தமிழரும் தோளோடு தோள் நின்ற காலம் அது. பின்னர் வேலையில்லாத் திண்டாட்டம் பெருக, குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். நட்பு முறிந்தது. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

தோழர் பகைவராகும்போது மனம் கசந்து ஒதுங்குவோர் உண்டு. புறம்பேசித் திரிவோரும் உண்டு. அம்மையார் இரண்டையும் செய்யவில்லை. இந்தியரை வெளியேற்றும் பேச்சு வலுத்த நாட்களில், ஆட்சியாளரின் போக்கைப் பாட்டிலே கண்டித்து, தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அப்பாடல்களைத் தம் பெயரிலேயே நூலாகவும் வெளியிட்டார். மனக்குறையை மறைக்காமல், பெயர் போட்டு, சபை நடுவே சொல்லும் துணிவு அது.

எழுத்தறியாத தொழிலாளரை அவர் தாழ்வாக எண்ணியதில்லை. அவர்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளை எடுத்து, அவற்றிலே உரிமையைச் சொன்னார். நாள் முழுதும் மலையேறி இறங்கிய பெண், கூட்டத்தில் கேட்டதை லயத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்கும் பாடிக் காட்டலாம். மேடையில் நின்று புகழ்வதைவிட இது பெரிய மதிப்பு என்றே நாம் கருதுகிறோம்.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். அவர் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் அம்மையார் பெயர் சொல்லப்படுவதில்லை. கூடவே உழைத்தவரை மறப்பது எந்தச் சங்கத்துக்கும் எளிது.

இன்று அதிபர்களாகவும், தாதியராகவும், அலுவலகத் தலைவிகளாகவும், கடல்கடந்தும் பணிபுரியும் நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முரண்பட்டவரிடம் நேரே பேசுங்கள். உடன் உழைப்பவருக்கு அவர் விளங்கும் மொழியில், அவர் இருக்கும்போதே, பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். அம்மையாருக்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவே.