சொல்லைத் தேட வழி வகுத்த வீரமாமுனிவர்

சில ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு அமையும் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டை மாணவர்கள் நன்கு அறிவார்கள். சொல் அகப்படாவிட்டால் கைப்பேசியைத் தட்டுகிறோம். நொடியில் பட்டியல் வந்து விடுகிறது. கோலாலம்பூர் மாணவருக்குக் கிடைக்கும் அதே பட்டியல், ஜொகூர் பாலோவில் படிக்கும் மாணவருக்கும் கிடைக்கிறது. சொற்களை எழுத்து முறைப்படி அடுக்கி வைத்தால் எவரும் தேடி எடுக்கலாம் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. கணினி பிறப்பதற்கு வெகு காலத்திற்கு முன்பே தமிழில் இவ்வேலையைப் பெரிய அளவில் செய்தவர் வீரமாமுனிவர்.

இவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டின் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இளமையில் இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710இல் கோவா வந்து சேர்ந்து, பின்னர் தமிழகம் சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. சமயப் பணிக்காகத் தமிழ் கற்கத் தொடங்கியவர், அம்மொழியின் இலக்கண இலக்கியங்களில் ஆழ்ந்து போனார். சுப்பிரதீபக் கவிராயரிடம் இவர் தமிழ் பயின்றார் என்பர். தைரியநாதர் என்று தமக்கு வைத்துக் கொண்ட பெயர், பின்னர் வீரமாமுனிவர் என்று தமிழாயிற்று.

அக்காலத்தில் ஒரு சொல்லின் பொருளை அறிய விரும்பிய மாணவருக்கு இருந்த துணை நிகண்டு. திவாகரம், பிங்கலம், சூடாமணி நிகண்டு ஆகியவை செய்யுள் நடையில் அமைந்தவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்கள் தொகுக்கப்பட்டிருக்கும். ஆசிரியரிடம் அமர்ந்து அவற்றை மனப்பாடம் செய்தவருக்கு நிகண்டு பெருஞ்செல்வம். மனப்பாடம் செய்ய வாய்ப்பில்லாதவர் ஒரு சொல்லைத் தேட முற்பட்டால், அது எந்தப் பாட்டில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினம்.

இந்நிலையை மாற்றும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் தந்தது. ஆயினும் அதுவும் செய்யுள் வடிவிலேயே இருந்தது. போர்த்துகீசியப் பாதிரியார் புரோவென்சா தொகுத்த தமிழ் - போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்தின் அம்பழக்காட்டில் அச்சாயிற்று. அதுவோ போர்த்துகீசியம் அறிந்தவர்களுக்கானது.

வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை முடித்தார். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே, செய்யுளின் கட்டு இல்லாமல், அகர வரிசையில் பொருள் தந்த நூல் அது. சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்பன அதன் நான்கு பிரிவுகள். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அறியப் பெயரகராதி. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை அறியப் பொருளகராதி. முக்கனி, ஐம்பூதம் போன்ற தொகைச் சொற்களின் விரிவை அறியத் தொகையகராதி.

நான்காவதான தொடையகராதிதான் இன்றைய சொல் விளையாட்டுக்கு மிக நெருக்கமானது. செய்யுள் எழுதுவோர்க்கு எதுகைச் சொற்கள் தேவை. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்துகள் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என அளவொத்து நிற்க வேண்டும். மாடம், பாடம், கூடம், ஓடம் ஆகியவை ஓரினம். கண்ணி, மண்ணி, எண்ணி ஆகியவை வேறினம். முதலெழுத்து வரிசையில் தேடினால் இவை நூலின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும். தொடையகராதி இத்தகைய சொற்களை ஓரிடத்தில் கூட்டித் தந்தது. தேடுபவரின் தேவை எதுவோ, அதற்கேற்ப வரிசையை மாற்ற வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எழுத்தைக் கொண்டு தேட வேண்டுமானால் எழுத்து ஐயமின்றி இருக்க வேண்டும். அன்று எகர, ஒகரக் குறில்களை நெடிலிலிருந்து பிரித்துக் காட்டப் புள்ளி இடுவதே முறை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் பலர் அதை விட்டுவிடுவர். எரியா ஏரியா, கொடுவா கோடா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் தந்து இக்குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்று அறிஞர்கள் கூறுவர். இன்று நாம் எழுதும் ஏ, ஓ ஆகியவை அவ்வழி வந்தவையே.

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இப்பணியின் காலம் விளங்கும். சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி வெளிவந்தது 1755இல். சொற்களை இறுதி எழுத்திலிருந்து வரிசைப்படுத்திய ஜான் வாக்கரின் இயைபு அகராதி வந்தது 1775இல். இன்றைய செயலிகள் இன்னொரு வரிசையையும் பயன்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் லிசன், சைலன்ட் ஆகிய இரு சொற்களுக்கும் அதே ஆறு எழுத்துகள். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் மாற்றி அடுக்கினால் இரண்டும் ஒன்றாகி விடும். அந்த அடுக்கைக் கொண்டே செயலி இரண்டையும் சேர்த்து எடுத்துத் தருகிறது.

அகராதியோடு அவர் பணி நின்றுவிடவில்லை. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியம், தொன்னூல் விளக்கம் என்னும் ஐந்திலக்கண நூல், சிரிக்க வைக்கும் பரமார்த்த குரு கதை எனப் பலவும் படைத்தார். 1747இல் அம்பழக்காட்டில் மறைந்தார். சதுரகராதி அவர் காலத்தில் அச்சேறவில்லை. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டு வாழ்ந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சு கண்டது. 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

மாணவர்களே, நீங்களும் ஒரு குறிப்பேட்டில் புதிய சொற்களை எழுதி வாருங்கள். முதலெழுத்து வரிசை ஒன்று, எதுகை வரிசை ஒன்று, ஒரே பொருள் தரும் சொற்களின் வரிசை ஒன்று என மூன்றாக வகுத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலம், மலாய் சொற்களுக்கும் இம்முறை உதவும். கட்டுரை எழுதும்போது வேண்டிய சொல்லை உங்கள் கையாலேயே எடுத்துக் கொள்ளலாம். முப்பது வயதில் அந்நிய மொழியாகத் தமிழைத் தொடங்கிய ஒருவர் அகராதியே தொகுத்தார் என்றால், நாம் பிறந்து பேசும் மொழியில் ஒரு குறிப்பேடு தொடங்குவது பெரிய காரியமன்று.