பியோரெல்லோ லாகார்டியா

பிறந்த மண்ணை விட்டுப் பிறநாடு சென்று பிழைக்கக் கருதும் ஏழைக்கு இரு வாயில்கள் உண்டு. ஒன்று அவன் கப்பலேறும் துறை; மற்றொன்று அவன் கரையிறங்கும் துறை. கொடுநோய் தன் நாட்டினுள் புகாவண்ணம் காப்பது அரசின் கடமை என்பதை மறுப்பார் இலர். ஆயின், அக்காவலன் எவ்வாயிலில் நிற்றல் வேண்டும்? இவ்வினாவிற்கு இளமையிலேயே விடை கண்டவர் பியோரெல்லோ லாகார்டியா.

இவர் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் இத்தாலியர், அமெரிக்கப் படையில் இசைக்குழுத் தலைவர். தாயார் திரியெஸ்த் நகரத்து யூதகுலப் பெண்மணி. 1898-ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் தந்தையார் நோயுற்று, 1904-இல் உயிர்நீத்தார். கெட்டுப்போன இறைச்சியைப் படைக்கு விற்ற ஒப்பந்தக்காரரே இதற்குக் காரணம் என மைந்தர் இறுதிவரை கருதினார்.

அவ்வாண்டிலேயே லாகார்டியா, அன்று ஹங்கேரியின் துறைமுகமாயிருந்த பியூமேயில் அமெரிக்கக் கான்ஸல் அலுவலகத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கிருந்து நியூயார்க்கிற்குக் குடியேறுவோர் திரள் திரளாகக் கப்பலேறினர். தொத்துநோயுடையாரை அமெரிக்கா ஏற்பதில்லை என 1891-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. கப்பலுக்குச் சுகாதாரப் பத்திரம் அளிப்பது கான்ஸலின் வேலை. ஏனையோர் அதனை வெறுஞ் சடங்காகக் கொண்டு கையொப்பமிட்டு வந்தனர். இவரோ, பயணிகளைப் பாராமற் பத்திரம் அளிப்பது பொய்யென்று துணிந்து, மருத்துவருடன் கப்பலுக்கே சென்றார். கப்பற் கம்பெனியார் சினந்தனர். சோதனைக்கு இடங்கொடாவிடில் பத்திரம் இல்லை என்று இவர் உறுதியாய் நின்றார். முடிவில் பணிந்தவர் கம்பெனியாரே.

இதன் பயனை நோக்குமின். நோயாளி திருப்பியனுப்பப்பட்டால் கம்பெனிக்கு நேர்வது சிறு பொருட்சேதம். நிலத்தையும் மாட்டையும் விற்றுக் கப்பலேறிய குடியானவனுக்கோ அதுவே வாழ்வின் அழிவு. வீட்டை விட்டு வெகுதூரம் செல்லுமுன் நோயை அறிவிப்பது தடையன்று, தயையே.

பதவி உயர்வு கிட்டாமையால் 1906-இல் அவ்வேலையை விடுத்துத் தாயகம் திரும்பிய லாகார்டியா, 1907 முதல் 1910 வரை எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றினார். இரவிற் சட்டம் பயின்றார். இப்போது இரண்டாம் வாயிலைக் கண்டார். மருத்துவர் வரிசையாய் வருவோரின் கண்ணிமைகளைப் புரட்டி, டிராக்கோமா என்னும் கண்ணோய் உண்டா என்று பார்ப்பர். ஐயமுடையார் ஆடையிற் சுண்ணக்கட்டியாற் குறியிடுவர். அந்நோய்க்கு அக்காலத்தில் எளிய மருந்து இல்லை. ஒரு குழந்தைக்கு நோய் காணின், பெற்றோருள் ஒருவர் அதனுடன் திரும்பிச் செல்ல, ஏனையோர் கரையில் நின்று கதறுவர். அவ்வழுகையை அவர்தம் மொழியிற் கேட்டு, அதிகாரிக்கு எடுத்துரைத்தவர் இவர்.

தொத்துநோயின் கொடுமையை இவர் அறியாதவரல்லர். 1921-ஆம் ஆண்டிலேயே பச்சிளம் மகளும் அருமை மனைவியும் ஒருவர்பின் ஒருவராய்க் காசநோய்க்கு இரையாயினர். எனினும், பிறந்த நாடு நோக்கிக் குடியேறுவோர் தொகையைக் குறைத்த 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காங்கிரஸ் சபையில் இவர் வன்மையாய் எதிர்த்தார். நோயைச் சோதிப்பது வேறு, பிறப்பையே நோயாக்குவது வேறு என்பதை இவர் வாழ்க்கையே விளக்குகின்றது. அச்சட்டத்திற்குப்பின் மருத்துவச் சோதனை புறப்படும் நாட்டுக் கான்ஸல் அலுவலகங்களுக்கே மாற்றப்பட்டது. பியூமேயில் தனியொருவராய் நின்று இவர் செய்தது இருபது ஆண்டுகளின்பின் முறையாயிற்று.

1934 முதல் 1945 வரை நியூயார்க் நகரின் மேயராய் விளங்கிப் பெரும்புகழ் எய்திய இவர், 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் மறைந்தார். அந்நகரின் விமான நிலையம் ஒன்று இவர் பெயர் தாங்கி நிற்கின்றது. ஆயினும், பியூமேக் கரையில் கையொப்பமிட மறுத்து நின்ற அவ்விளைஞரே நம் உள்ளத்தைக் கவர்கின்றார். அந்நியனை ஏற்றுக்கொள்ளுமாறு பணித்த நம் ஆண்டவரின் கட்டளை, வாயிலிற் காவல் நிற்போனுக்கும் உரியதன்றோ?