பகலில் கிளினிக், இரவில் மேடை: யார் இந்த பாட் பார்க்கர்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் துறைமுக நகரம் ஓக்லாந்து. 1970-களில் அங்கே நல்ல கவிதை கேட்க வேண்டும் என்றால் பல்கலைக்கழக அரங்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெண்களே நடத்திய புத்தகக் கடைகள், காபிக் கடைகள், பேரணி மேடைகள் என்று கவிதை அங்கெல்லாம் ஒலித்தது. அந்த மேடைகளில் கூட்டம் காத்திருந்து கேட்ட குரல்களில் ஒன்று பாட் பார்க்கருடையது.

கறுப்பினப் பெண், லெஸ்பியன், தாய், கவிஞர். இந்த நான்கையும் ஒரே மேடையில், ஒரே ஆளாக நின்று சொன்னவர். 1989 ஜூன் 17 அன்று 45 வயதில் மறைந்தார். பால்புதுமையர் சமூகத்தினர் 'பிரைட்' மாதமாகக் கொண்டாடும் ஜூனிலேயே அவரது நினைவு நாளும் வருகிறது. ஊர்வலங்களும் வானவில் கொடிகளும் இவ்வளவு சகஜமாவதற்கு முன்பு, ஒரு நகரத்தில் சில பெண்கள் தங்களுக்கான இலக்கிய உலகத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதை அவரது வாழ்க்கை வழியாகப் புரிந்துகொள்ளலாம்.

டயர் தொழிலாளியின் கடைசி மகள்

1944 ஜனவரி 20 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். இயற்பெயர் பாட்ரீஷியா குக்ஸ். குறைப்பிரசவக் குழந்தை. நான்கு மகள்களில் இவர்தான் கடைசி. அப்பா பழைய டயர்களை ரீட்ரேடிங் செய்யும் வேலையில் இருந்தார். அம்மா வீட்டு வேலை செய்தவர். கையில் காசு இல்லாத குடும்பம். பள்ளி, பேருந்து, உணவகம் என எல்லாவற்றிலும் கறுப்பினத்தவரைச் சட்டப்படியே தனியாகப் பிரித்து வைத்திருந்த தெற்கு மாநிலச் சூழல் வேறு.

17 வயதில் ஊரை விட்டுக் கிளம்பினார். லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரிப் படிப்பு, பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஜாகை. 1962-ல் ஒரு நாடக ஆசிரியரைத் திருமணம் செய்தார். நான்கு ஆண்டுகளில் பிரிவு. அந்த வாழ்க்கையில் வன்முறை இருந்தது என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். அடுத்து பெர்க்லியைச் சேர்ந்த ஓர் எழுத்தாளருடன் இரண்டாவது திருமணம். அதுவும் நிலைக்கவில்லை. 'பார்க்கர்' என்ற பெயர் மட்டும் அதிலிருந்து மிஞ்சியது.

1963-ல் ஓக்லாந்தில் முதல்முறையாகப் பொதுமேடையில் கவிதை வாசித்தார். 1966-ல் 'பிளாக் பேந்தர்' கட்சி பிறந்ததும் இதே ஓக்லாந்தில்தான். கறுப்பின உரிமை அரசியல் கொதித்துக்கொண்டிருந்த அந்த ஊரில் பார்க்கரும் பேந்தர் இயக்கத்தோடு சேர்ந்து இயங்கினார். 1960-களின் இறுதியில், தான் ஒரு லெஸ்பியன் என்பதை மறைக்காமல் வாழத் தொடங்கினார்.

அது அவ்வளவு சுலபமான முடிவு இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதே 1973-ல்தான். மனமொத்த தன்பாலினத்தவர் இடையிலான உறவைக் குற்றமாக வைத்திருந்த கலிஃபோர்னியா சட்டம் 1975-ல் திருத்தப்பட்டு, 1976 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது, பார்க்கர் தன் காதலைப் பற்றி வெளிப்படையாக வாசிக்கத் தொடங்கிய நாட்களில் சட்டமும் மருத்துவமும் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றன.

பதிப்பகம் இல்லையா? நாமே அச்சடிப்போம்

லெஸ்பியன் வாழ்க்கையை நேரடியாகப் பேசும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கவிதைக்குப் பெரிய பதிப்பகங்களில் அன்று இடம் கிடைப்பது மிகக் கடினம். அதனால் பெண்கள் ஒரு முழுச் சங்கிலியைத் தாங்களே உருவாக்கினார்கள். 1969-ல் ஆல்டா என்ற கவிஞர் 'ஷேம்லெஸ் ஹஸ்ஸி' என்ற சிறு பதிப்பகத்தைத் தொடங்கினார். ஜூடி கிரான், வெண்டி கேடன் ஆகியோர் 'விமன்ஸ் பிரஸ் கலெக்டிவ்' என்ற கூட்டு அச்சகத்தை ஓக்லாந்தில் நடத்தினார்கள். அச்சு இயந்திரத்தை ஓட்டுவதும், பக்கங்களை மடிப்பதும், புத்தகத்தைக் கடையில் சேர்ப்பதும் பெண்களே.

அச்சான புத்தகம் பெண்கள் நடத்திய புத்தகக் கடைக்குப் போகும். அந்தக் கடையிலேயே வாசிப்புக் கூட்டம் நடக்கும். கூட்டத்துக்கு வந்தவர்கள் புத்தகம் வாங்குவார்கள். அந்த வருமானத்தில் அடுத்த புத்தகம். விளம்பரம், விமர்சனம், விருது எதுவும் இல்லாமல் கவிதை பரவியது இப்படித்தான். இந்தச் சங்கிலியில் மேடைதான் முக்கியக் கண்ணி. கவிஞரின் குரல் கூட்டத்தைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வேலை எதுவும் நகராது.

பார்க்கரின் குரல் பிடித்தது. அவரது கவிதைகள் பேச்சு மொழியிலேயே இருந்தன. அகராதி தேவையில்லை. கோபம் இருக்கும், நடுவில் சட்டென்று ஒரு நக்கல் வரும், கூட்டம் சிரிக்கும்போதே அடுத்த வரி நெஞ்சில் இறங்கும். திரும்பத் திரும்ப வரும் சொற்கள், கறுப்பினத் தேவாலயங்களில் போதகரும் சபையும் மாறி மாறிக் குரல் கொடுக்கும் மரபை நினைவூட்டும்.

முதல் தொகுப்பு 'சைல்ட் ஆஃப் மைசெல்ஃப்' 1972-ல் வந்தது. 1976-ல் பெண்கள் நடத்திய 'ஒலிவியா ரெக்கார்ட்ஸ்', பார்க்கரும் ஜூடி கிரானும் வாசித்த கவிதைகளை இசைத்தட்டாக வெளியிட்டது. 1977 இறுதியில் 'மூவ்மென்ட் இன் பிளாக்' என்ற நீண்ட கவிதை ஓக்லாந்து அரங்கில் பல பெண் குரல்களோடு நிகழ்த்தப்பட்டது. அமெரிக்க வரலாற்றில் பெயர் தெரிந்த, தெரியாத கறுப்பினப் பெண்களை வரிசையாக நினைவுகூரும் கவிதை அது. அடுத்த ஆண்டே லிண்டா டில்லரி, மேரி வாட்கின்ஸ், க்வென் ஏவரி ஆகிய இசைக்கலைஞர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் போனார்.

இந்த உலகம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பார்க்கரின் புத்தகங்களை 1978-ல் வெளியிட்ட 'டயானா பிரஸ்', அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓக்லாந்துக்கு இடம் மாறியிருந்தது. 1977 அக்டோபரில் யாரோ உள்ளே புகுந்து இயந்திரங்களையும் அச்சுத் தகடுகளையும் நாசம் செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பதிப்பகமே மூடப்பட்டது.

அக்காவின் கொலையும் ஒரு சட்டச் சொல்லும்

பார்க்கரின் மூத்த அக்கா ஒருவர் கணவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு நடந்தது. ஆனால் கணவன் மீது உறுதியானது 'கொலை' இல்லை, 'மேன்ஸ்லாட்டர்'. நம் ஊர்ச் சட்டத்தில் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று சொல்வதற்கு நெருக்கமான குற்றம். தண்டனை ஓராண்டு. அதுவும் பகலில் வெளியே போய் வேலை பார்த்துவிட்டு வர அனுமதிக்கும் ஏற்பாட்டில்.

அந்த ஆங்கிலச் சட்டச் சொல்லில் இருக்கும் 'மேன்' என்பதை எடுத்துவிட்டு 'உமன்' என்று போட்டார் பார்க்கர். 'உமன்ஸ்லாட்டர்' என்ற நெடுங்கவிதை அப்படிப் பிறந்தது. மிரட்டல் வரும்போது கைகட்டி நிற்கும் போலீஸ், மனைவியைக் கொன்றால் அதை உணர்ச்சிவேகம் என்று தள்ளுபடி செய்யும் நீதிமன்றம் என ஒவ்வொன்றையும் நடந்த வரிசையிலேயே சொல்லும் கவிதை. கிட்டத்தட்ட ஒரு வழக்குக் கோப்பு மாதிரி.

1976-ல் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில், பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்க பெண்களே கூட்டிய சர்வதேசத் தீர்ப்பாயத்தில் அக்காவின் கதையைப் பார்க்கர் முன்வைத்தார். உள்ளூர் நீதிமன்றத்தில் ஓராண்டோடு முடிந்துபோன வழக்கு, பல நாட்டுப் பெண்கள் கூடிய சபையில் மறுபடியும் கேட்கப்பட்டது. குடும்பத் தகராறு என்று ஒதுக்கப்படும் கொலைகளைப் பற்றி இந்தியாவில் நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கும் அத்தனை கேள்விகளும் அந்தக் கவிதையில் இருக்கின்றன.

எந்த வாசலில் எதைக் கழற்றி வைப்பது?

கறுப்பின இயக்கக் கூட்டத்தில் அவர் லெஸ்பியன் என்பது சிலருக்கு நெருடல். பெண்ணியக் கூட்டத்தில் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள். அங்கே நிறம் பற்றிப் பேசினால் சங்கடம். தன்பாலீர்ப்பாளர் உரிமைக் கூட்டத்திலும் இதே கதைதான். ஒவ்வோர் இடத்திலும் தன்னில் ஒரு பாதியைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

வெள்ளையினத் தோழிகளுக்கு நட்புக்கான வழிகாட்டி போல ஒரு கவிதை எழுதினார். தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை வெளிக்காட்டிக்கொள்ளாமல் இருந்தால் தேவலை என்று சொல்லும் 'நல்லவர்களுக்கு' இன்னொன்று. ஆண்-பெண் ஜோடிகள் பொதுவெளியில் தங்கள் உறவை எப்படியெல்லாம் காட்டிக்கொள்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, உண்மையில் யார் வெளிக்காட்டுகிறார்கள் என்று கேட்கும் கவிதை அது.

1978 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு வாக்கெடுப்பு. தன்பாலீர்ப்பாளர்களை அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து நீக்க வழிசெய்யும் தீர்மானம் அது. 58 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்ததால் தோற்றது. அந்தக் காலகட்டத்தின் பயத்தை நேருக்கு நேர் பேசியது பார்க்கரின் 'வேர் வில் யூ பி' கவிதை. உன்னைத் தேடி அவர்கள் வரும் நாளில் நீ எங்கே நிற்பாய் என்பதுதான் அதன் சாரம். எதிரிகளைவிட, மறைந்து வாழ்ந்தால் தப்பிக்கலாம் என்று நம்பிய தன் சமூகத்தினரிடமே அந்தக் கேள்வியை அதிகம் வைத்தார்.

வேலையா, எழுத்தா?

இத்தனைக்கும் கவிதை அவருக்குச் சோறு போடவில்லை. 1978 முதல் 1987 வரை ஓக்லாந்து பெண்ணிய சுகாதார மையத்தில் நிர்வாகப் பொறுப்பில் வேலை பார்த்தார். அவர் காலத்தில் ஒரே ஒரு கிளினிக்காக இருந்த அந்த அமைப்பு ஆறு இடங்களுக்கு விரிந்தது. 1980-ல் 'கறுப்பினப் பெண்கள் புரட்சி சபை' என்ற அமைப்பைத் தொடங்கினார். இடையில் தன் இணையோடு குழந்தை வளர்ப்பு, வீட்டுக் கடன், இயக்க வேலை. எழுதும் நேரம் என்பது இவை எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியதுதான்.

இந்தப் போராட்டத்தை அவர் பகிர்ந்துகொண்டது இன்னொரு கறுப்பின லெஸ்பியன் கவிஞரான ஆட்ரி லார்டிடம். லார்ட் நியூயார்க்வாசி, பார்க்கரைவிட பத்து வயது மூத்தவர். இருவரும் 1969-ல் சந்தித்தார்கள். 1974 முதல் 1989 வரை எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. பணக் கஷ்டம், பிள்ளைகள், காதல், நோய், எழுத வராத நாட்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா என்று பார்க்கர் யோசித்தபோது, லார்ட் அக்கறையும் கண்டிப்புமாக ஆலோசனை சொன்னார்.

1980-களின் நடுவில் 'ஜோன்ஸ்டவுன் அண்ட் அதர் மேட்னஸ்' என்ற தொகுப்பு வந்தது. 1987-ல் ஒருவழியாக வேலையை விட்டார். அடுத்த ஆண்டே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. லார்டுக்கும் அதே நோய் பத்தாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. கவிஞராக மட்டும் வாழ பார்க்கருக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுகளுக்குள்தான். அதிலும் பாதி சிகிச்சையில் போனது. லார்ட் 1992-ல் மறைந்தார்.

பிறகு என்ன ஆனது?

சிறு பதிப்பகங்கள் மூடப்பட்டதும் அவற்றின் புத்தகங்களும் கடைகளிலிருந்து மறையத் தொடங்கின. பார்க்கரின் முழுப் படைப்புகளும் ஒரே நூலாக வந்தது 2016-ல்தான். அது லாம்ப்டா இலக்கிய விருதும் பெற்றது. லார்டுடனான கடிதங்கள் 2018-ல் நூலாயின. நம் உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்ததும் அதே 2018-ல்தான். நியூயார்க்கில் பால்புதுமையர் சமூக மையத்தின் நூலகம் ஒன்று அவர் பெயரையும் திரைப்பட ஆய்வாளர் வீட்டோ ருஸ்ஸோவின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

1976-ல் பதிவான அந்த இசைத்தட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு புத்தகக் கடையில், நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருப்பவர்களை நோக்கிப் பேசுவது போன்ற குரல் அதில் பதிவாகியிருக்கிறது. புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் ஒருமுறை அதைக் கேட்டுவிடுவது நல்லது. இந்தக் கவிதைகள் முதலில் போய்ச் சேர்ந்தது கேட்டவர்களிடம்தான்.