தாய்வழி வந்த தளை

தாம் பிறந்த நாளை அறியாமலே வாழ்ந்து மறைந்த பெருமனிதர் பிரெட்ரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் 1818ஆம் ஆண்டளவில் அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாகப் பிறந்தார். தந்தை வெள்ளையர் என்றே பேசப்பட்டது. ஆயினும் தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமையே என்பது அன்றைய சட்டம். கருவறையிலேயே தளை பூட்டிய சட்டம் அது.

கைக்குழந்தையாய் இருக்கையிலேயே அவர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். 12 மைல் தொலைவில் வேறொரு தோட்டத்தில் உழைத்த தாய், இரவில் நடந்து வந்து மகனை உறங்கவைத்து, விடியுமுன் திரும்பிவிடுவாள். தாயை அவர் கண்டது நாலைந்து தடவைகளே. அவருக்கு ஏழு வயதளவில் அவளும் மறைந்தாள்.

பின்னர் பால்ட்டிமோர் நகரில் எசமானி அவருக்கு அன்போடு அரிச்சுவடி கற்பித்தாள். கற்ற அடிமை அடங்கமாட்டான் என்று கணவன் தடுத்தான். நாளடைவில் அவளும் கடுமையானாள். தனியொருவரின் நற்குணத்தையும் விழுங்கிவிடும் வல்லமை அம்முறைமைக்கு இருந்தது. சிறுவனோ தெருப் பிள்ளைகளுக்குப் பாண் கொடுத்து எழுத்தறிவைத் தேடிக்கொண்டான்.

1838 செப்டெம்பர் 3ஆம் நாள், மாலுமி உடையில், இரவல் பத்திரத்துடன் வடக்கே தப்பினார். பெயரையும் மாற்றினார். அடிமை ஒழிப்பு மேடைகளில் புகழ்பெற்றார். 1845இல் தம் வரலாற்றை நூலாக்கியபோது மீண்டும் பிடிபடும் ஆபத்து நேர, அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றார். அங்கு கிடைத்த நண்பர்கள் பணந்திரட்டி அவரது விடுதலையை விலைகொடுத்து வாங்கினர்.

நாடு திரும்பியவர் ரொச்செஸ்ரர் நகரில் பத்திரிகை நடத்தினார். 1848இல், சுதந்திரமாகப் பிறந்த தம் மகள் ரொசெற்றாவை அங்கு ஒரு தனியார் பாடசாலையில் சேர்த்தார். ஒன்பது வயதுச் சிறுமியை வேறறையில் தனியே இருத்தினர். சக மாணவியர் அவளைத் தம்மருகே அமர்த்த விரும்பினர். பெற்றோர் ஒருவரின் மறுப்பு அவளை வெளியேற்றிற்று. டக்ளஸ் பகிரங்கமாக எழுதினார், தொடர்ந்து போராடினார். 1857இல் அந்நகரின் பொதுப் பாடசாலைகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் சமமாகத் திறந்தன.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. 1895இல் டக்ளஸ் மறைந்தார். மறு ஆண்டே, இனவாரியாகப் பிரித்துவைத்தல் சட்டத்துக்கு முரணன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடசாலைகளில் அப்பிரிவினை செல்லாதென அதே நீதிமன்றம் கூற 1954 வரை காத்திருக்க நேர்ந்தது. தளை கழன்ற பின்னும் தழும்பு தலைமுறைகளுக்குக் கைமாறிற்று.

எனினும் கைமாறியது தழும்பு மட்டுமன்று. தாயை நாலைந்து இரவுகளே கண்ட அம்மனிதரின் மகள் ரொசெற்றா, 1900இல் தன் தாயின் வாழ்க்கையை எழுத்தில் வடித்தாள்.