கான்பூருக்கு வந்த சிங்காரவேலர்

இந்தியக் கம்யூனிஸ்டுகளின் முதல் மாநாடு, நாம் படிக்கும் இந்தக் கான்பூர் நகரில், 1925-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். 65 வயது நிரம்பிய சென்னை வழக்கறிஞர் ம. சிங்காரவேலர். அவர் பெயரை நம்மில் கேள்விப்படாதார் இல்லை. சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயர் தாங்கிய மாளிகையில்தான் இயங்குகிறது. ஆனால், அவர் இவ்வூருக்கு வந்தார் என்பதும், வந்து என்ன சொன்னார் என்பதும் நம் சங்க நண்பர்களிற் பலருக்குப் புதுச் செய்தியாகவே இருந்தன. ஆகவே இதனை எழுதத் துணிந்தேன். நான் வேதியியல் பயில்பவன். அரசியல் அறிஞன் அல்லன்.

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் மீனவர் குலத்தில் தோன்றினார். கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று, 1907-இல் உயர்நீதிமன்ற வழக்கறிஞர் ஆனார். வசதியான வாழ்வு, கடற்கரையை ஒட்டிய வீடு, வீடு நிறைய நூல்கள். முதலில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது பௌத்தம். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்ற அதன் கொள்கையும், எதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்ற அதன் முறையும் அவரைப் பற்றிக்கொண்டன. தம் இல்லத்திலேயே பௌத்தக் கூட்டங்கள் நடத்தினார். டார்வினும் மார்க்சும் பின்னர் அந்நூலடுக்குகளில் வந்து சேர்ந்தார்கள்.

1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. சிங்காரவேலர் தம் வழக்கறிஞர் அங்கியைப் பொதுமக்கள் முன்னிலையில் தீயிட்டு, நீதிமன்றத் தொழிலுக்கு முழுக்குப் போட்டார். ஏகாதிபத்தியம் என்ற சொல்லைக் கேட்டறியாத ஏழைக்கும் அந்தத் தீ விளங்கியிருக்கும். கொள்கை நூலை விட்டு இறங்கித் தெருவுக்கு வரும்போது இப்படித்தான் ஒரு வடிவம் எடுத்துக்கொள்கிறது.

அதே ஆண்டில் சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் திரு. வி. க. முதலியோருடன் அவர்கள் பக்கம் நின்றார். இங்கே நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். மார்க்சின் நூலில் தொழிலாளி ஒரே இனம். பெரம்பூரிலோ தொழிலாளிக்குச் சாதி இருந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். மற்றவர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அரசும் ஆலை முதலாளிகளும் அப்பிளவைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொண்டனர். திரும்பிச் சென்றவர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிடுதல் எளிது. காலமெல்லாம் தம்மை ஒதுக்கி வைத்தவர், வேலைநிறுத்தத்தின்போது மட்டும் சகோதரர் என்று அழைத்தால், அவ்வழைப்பை அவர்கள் எங்ஙனம் நம்புவர்?

சிங்காரவேலர் சோர்ந்துவிடவில்லை. 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டில் தம்மைக் கம்யூனிஸ்டு என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். அக்காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1923 மே முதல் நாளன்று சென்னையில் இரண்டு கூட்டங்கள் நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையில். மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே நாள் அதுவே. தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் அன்றே தொடங்கினார். சிகாகோ நகரத் தொழிலாளரின் நினைவு நாள், சென்னை மணலில் தமிழில் பேசப்பட்டது.

மறு ஆண்டு அரசு பாய்ந்தது. பேரரசரின் ஆட்சியைப் பறிக்கச் சதி செய்தனர் என்று டாங்கே, முசாபர் அகமது, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகியோரைக் கான்பூர் நீதிமன்றத்தில் நிறுத்தி, நான்காண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சிங்காரவேலர் பெயரும் அவ்வழக்கில் இருந்தது. உடல்நலமின்மையால் அவர் பிணையில் விடப்பட்டார். பின்னர் அவர்மீதிருந்த வழக்கும் கைவிடப்பட்டது. எந்த ஊர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்த்ததோ, அதே ஊருக்கு அடுத்த ஆண்டே அவர் மாநாட்டுத் தலைவராக வந்தார்!

அவ்வமயம் சரோஜினி தேவியார் தலைமையில் காங்கிரசும் இங்குக் கூடியிருந்தது. கம்யூனிஸ்டு மாநாட்டைக் கூட்டியவர் சத்தியபக்தர். வரவேற்புக் குழுத் தலைவர் உருதுக் கவிஞர் ஹஸ்ரத் மோகானி. சிங்காரவேலர் தம் தலைமையுரையில், போல்ஷ்விசம் என்பது ருஷ்யர் தம் நாட்டுக்கென மேற்கொண்ட முறை என்றும், நாம் ருஷ்யர் அல்லோம் என்றும், இந்தியப் பொதுவுடைமை அதன் நகலாக இராது என்றும் விளக்கினார். ஒரே உப்பு, கரைப்பானுக்குத் தக்கவாறு வேறு வேறு வடிவில் படிகமாவதை ஆய்வுக்கூடத்தில் நாம் காண்கிறோம் அல்லவா? அவர் கூறியதும் ஏறக்குறைய அதுவே. ஆனால், கட்சியின் பெயரிலேயே பூசல் எழுந்தது. இந்தியத் தன்மையைப் பெயரிலும் முன்னிறுத்த விரும்பிய சத்தியபக்தர் விலகிச் சென்றார். கட்சி பிறந்த ஆண்டு எது என்பதில் இன்றும் ஒற்றுமை இல்லை. ஒரு கட்சி 1925 கான்பூரைச் சொல்லும், மற்றொன்று 1920 தாஷ்கண்டைச் சொல்லும்.

தீண்டாமை குறித்தும் அவர் அங்கே பேசினார். அது அடிப்படையில் பொருளாதாரச் சிக்கல் என்றும், ஏழ்மை நீங்கினால் அவ்விழிவும் நீங்கும் என்றும் கருதினார். இதனை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பெரம்பூரை நேரிற் கண்டவர் இவ்வாறு சொன்னது எனக்கு வியப்பே. ஊதியம் ஒன்றாக இருந்தும், தண்ணீர்க் குடத்தை விலக்கி வைக்கும் வீடுகளை நாம் அறியோமா?

அவர் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை என்பதே அவர் பெருமை. 1928-இல் தென்னிந்திய ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். அதில் ஈடுபட்டமைக்காகப் பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு 1930-இல் விடுதலையானார். வெளியே வந்த எழுபது வயது முதியவர் நாடியது சாதியொழிப்பையே முதற்பணியாகக் கொண்ட பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தை. 'குடி அரசு' ஏட்டில் சமதர்மத்தையும் அறிவியலையும் பற்றி எழுதினார். பெரியார் சோவியத் நாடு சென்று மீண்டபின், 1932 டிசம்பரில் ஈரோட்டில் உருவான திட்டத்தில் சிங்காரவேலரின் கை இருந்தது. சாதியொழிப்பும் தனியுடைமை ஒழிப்பும் ஒரே மேடையில் நின்றன.

அக்கூட்டு நீடிக்கவில்லை. அரசின் அடக்குமுறை வந்தது. பெரியார் சிறை புகுந்தார். 1934-இல் கம்யூனிஸ்டுக் கட்சிக்குத் தடை விதிக்கப்பட்டது. இயக்கத்தைக் காக்கச் சமதர்மப் பிரசாரத்தைப் பெரியார் தளர்த்திக்கொண்டார்; சிங்காரவேலரும் ஜீவானந்தமும் மாறுபட்டனர். யார் செய்தது சரி என்று நம் விடுதியில் இன்றும் வாதிடுகிறோம். விளக்கு அணைந்த பிறகும் அவ்வாதம் முடிவதில்லை.

1935-இல் முதியவர் 'புது உலகம்' என்ற ஏட்டைத் தொடங்கினார். விண்மீன்கள், உயிர்களின் தோற்றம், மனத்தின் இயல்பு என்று, கல்லூரி வாயிலை மிதியாதவருக்கும் விளங்கும் தமிழில் அறிவியல் எழுதினார். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது, அவருடைய 86-ஆவது பிறந்த நாள் நிறைவுக்கு ஒரு வாரமே இருந்தது.